பெட்டிக்குள் தொட்டாற்சுருங்கி

கையை எடுங்கள் அம்மா. தொடாதீர்கள். கோபமில்லை, என் குரலே அப்படி. மைக் இல்லாமல் கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டது. பாருங்கள், மூடிக்கொண்டது. போகட்டும், கொஞ்ச நேரத்தில் விரியும். நீங்கள் உங்கள் துணி மூட்டையை ஜன்னல் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி என் மடியிலேயே இருக்கட்டும்.

பொள்ளாச்சியில் வண்டி கிளம்பியபோது முதல் குலுக்கலிலேயே இலையெல்லாம் மூடிக்கொண்டது. ஆழியாறு வருவதற்குள் விரிந்துவிட்டது. வண்டி என்னவோ அப்படியேதான் குலுங்குகிறது. பழகிவிட்டது. ஆனால் உங்கள் விரல் பட்டதும் மறுபடி மூடிக்கொண்டது பாருங்கள். குலுக்கல் வேறு, விரல் வேறு என்று அதற்குத் தெரியும். இதை நான் சொல்லவில்லை, என் மகள் சொல்வாள். அவள் வளர்த்த செடி. அவளுடைய படத்திறப்பு முடிந்து வருகிறேன்.

ஆமாம், மகள். ஒரே மகள். வருத்தம் தெரிவிக்க வேண்டாம் அம்மா, நான் அதற்காகச் சொல்லவில்லை. எங்களுக்குக் காரியம், திதி எல்லாம் கிடையாது. படத்துக்கு மாலை போடுவோம், நாலு பேர் பேசுவார்கள், டீ குடித்துவிட்டுக் கலைந்துபோவோம். அவ்வளவுதான்.

உங்களுக்கு என்னைத் தெரியவில்லை, இல்லையா? மஞ்சப்பாறை எஸ்டேட் இருளப்பன். தோழர் இருளப்பன். நீங்கள் வால்பாறைக்குத் தையல் கடை வைக்க வந்தது எப்போது? ஓ, நான் சொல்வது அதற்கெல்லாம் முந்தி. அந்தக் காலத்தில் இந்தச் சாலையில் நான் கை தூக்கினால் வண்டி நிற்கும். நிறுத்தத்தில் அல்ல, நான் நிற்கிற இடத்தில். இன்றைக்கு அந்தக் கண்டக்டர் பையன் என்ன சொன்னான், கேட்டீர்கள்தானே? "பெருசு, செடிக்கும் லக்கேஜ் போடணும்." அவன் தாத்தனுக்கு வேலை நிரந்தரம் வாங்கிக் கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. போகட்டும்.

இந்தச் செடி உங்களுக்குப் புதிது இல்லை. மலை முழுக்கக் கிடக்கிற களைதானே. தேயிலைக்கு நடுவே வளர்ந்தால் வெட்டி எறிவார்கள். கொழுந்து கிள்ளுகிற பெண்களின் காலைக் கீறும். அதைக் கொண்டுவந்து டால்டா டப்பாவில் மண் போட்டு நட்டு வைத்தாள் என் மகள். பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்குப் போன வருஷம் அது. வாலண்டினா என்று பெயர். விண்வெளிக்குப் போன பெண்ணின் பெயர், நான்தான் வைத்தேன். எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார், "இப்படி ஒரு பேரே கிடையாதே, வள்ளியம்மைன்னு எழுதிக்கிறேன்" என்றார். விடுவேனா? சங்கத்து ஆட்களோடு போய் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எழுதினார். பள்ளிக்கூட வாசலிலேயே முதல் போராட்டம் அவளுக்காக நடந்தது. அவள் அம்மா மட்டும் தான் சாகும்வரை டீனா என்றுதான் கூப்பிட்டாள்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்ததே பிரசுரங்களில்தான். உபரி என்ற சொல்லை எழுதத் தெரிந்த பிறகுதான் உப்பு என்று எழுதக் கற்றுக்கொண்டேன். நான் பேசுகிற இந்தத் தமிழும் அங்கிருந்து வந்ததுதான். மேடையில் பேசிப் பேசி வீட்டிலும் இப்படியே ஆகிவிட்டது. சீனியம்மாள், என் மனைவி, "சோறு போடறதுக்கும் தீர்மானம் வாசிக்கணுமா?" என்பாள்.

என் மகள் என்ன செய்வாள் என்றால், பள்ளிவிட்டு வந்ததும் எங்கள் லயன் வீட்டு வாசலில் டப்பாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு புல் நுனியால் தொடுவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். வாயால் ஊதுவாள். ஓர் இலையைத் தொட்டால் பக்கத்து இலை எப்போது மூடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பொழுது சாய்ந்தால் செடி தானாகவே மூடிக்கொள்ளும். அப்போது, "அம்மா, தூங்கப் போயிருச்சு, யாரும் சத்தம் போடாதீங்க" என்பாள். நான் சங்கத்து ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பேன். என் குரல்தான் தெரியுமே. என்னைப் பார்ப்பாள், பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, ராத்திரி ஆச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

நான் விளக்கினேன். என்னிடம் இயற்கை விஞ்ஞானம் பற்றி ஒரு பிரசுரம் இருந்தது. வெளிச்சம் போனால் மூடுகிறது, வெளிச்சம் வந்தால் திறக்கிறது. காரணம் வெளியே இருக்கிறது, காரியம் உள்ளே நடக்கிறது. அவ்வளவுதான். எளிமையாகத்தான் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே என் டிரங்குப் பெட்டியைக் காலிசெய்து அதற்குள் டப்பாவை வைத்து மூடிவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் நான் பிரட்டுக்களத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பிரட்டுக்களம் என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடிவந்து வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள்.

"அப்பா, வந்து பாருங்க! பெட்டிக்குள்ள வெளிச்சமே இல்ல. ஆனா விடிஞ்சதும் தானா விரிஞ்சிருக்கு!"

எனக்கு எங்கே நேரம்? வேலைநிறுத்தம் தொடங்கிய வாரம் அது. "பெட்டியில் ஓட்டை இருக்கும். வெளிச்சம் போயிருக்கும்" என்றேன். போய்விட்டேன்.

ஓட்டை இருக்கத்தான் இருந்தது. துருப்பிடித்த பெட்டி. அந்த ஓட்டைகளை அடைத்தாள். எதை வைத்து அடைத்தாள் தெரியுமா? என் துண்டறிக்கைகளைக் கிழித்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள். பொள்ளாச்சியில் அச்சடித்து, போலீசுக்குத் தெரியாமல் மலைக்குக் கொண்டுவந்த துண்டறிக்கை. எனக்குக் கோபம் வராதா? சத்தம் போட்டேன். அடிக்கவில்லை, நான் யாரையும் அடித்தவன் இல்லை. சத்தம் போட்டேன். அவ்வளவுதான். தோளைக் குறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். மறுநாள் காலை மறுபடி வந்து நிற்கிறாள்.

"இப்ப ஓட்டையே இல்லப்பா. ஒரு தடவை வந்து பாருங்கப்பா. நீங்க பாக்கும்போதுதான் திறக்கணும்னு மூடியே வெச்சிருக்கேன்."

"செடிக்குள்ளேயே ஒரு சூரியன் இருக்கிறது என்கிறாயா? அதற்குப் பெயர் கருத்துமுதல்வாதம்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? குழந்தை என்பதற்காகத் தவறான கருத்தை வளரவிடக் கூடாது.

சீனியம்மாள் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "பச்சப்புள்ளகிட்ட என்ன வாதம் பண்றீங்க? நாலு எட்டு உள்ள போய் எட்டிப் பாத்தா கொடி சாஞ்சிருமா?"

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். போய்விட்டேன். தினமும் கூப்பிட்டாள். தினமும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். சங்கத்தில் சேர்ந்ததற்காகச் சில பேரை வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். அவர்களைத் திரும்ப எடுக்கும்வரை கொழுந்து கிள்ளுவதில்லை என்று முடிவுசெய்தோம். மழைக்காலம். லயனில் அடுப்பு எரியவில்லை. எஸ்டேட் துரையின் ஆட்கள் ராத்திரி வந்து, வீட்டைக் காலிபண்ணச் சொல்வோம் என்று வாசல் வாசலாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பெண்கள் பயந்துவிட்டார்கள். ஜீப் சத்தம் கேட்டாலே கதவு மூடிக்கொள்ளும். கூட்டத்துக்கு வந்தவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். இதை எப்படி மாற்றுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த டப்பா கண்ணில் பட்டது.

அம்மா, அது என் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சு. இன்றைக்கும் சொல்கிறேன். பிரட்டுக்களத்தில் மேஜை போட்டு டப்பாவை அதன் மேல் வைத்தேன். ஒரு விரலால் தொட்டேன். மூடிக்கொண்டது. "பாருங்கள் தோழர்களே, இதுதான் நீங்கள்! துரையின் செருப்புச் சத்தம் கேட்டால் சுருங்கிக்கொள்கிறீர்கள்!" என்றேன்.

பேச்சியம்மாள் என்று ஒருத்தி, வாய்த்துடுக்குக்காரி, பின்னாலிருந்து எழுந்தாள். "தோழர், சுருங்குறத மட்டும் காட்டுறீங்க. அதுல முள்ளும் இருக்கு. நேத்து என் கால்ல குத்துச்சு. அதச் சொல்ல மாட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. பல நாள் கழித்துச் சிரித்தது. விட்டுவிடுவேனா? "வாருங்கள், வரிசையில் வாருங்கள், எல்லோரும் தொட்டுப் பாருங்கள்" என்றேன். மத்தியானம் முழுக்க வரிசை. ஆண், பெண், குழந்தை எல்லோரும் தொட்டார்கள். முதலில் தொட்டதும் சுருங்கியது. பிறகு மெதுவாகச் சுருங்கியது. பிறகு பாதி இலைதான். கடைசியில் பேச்சியம்மாள் வந்து தொட்டாள். அசையவில்லை. மறுபடி தொட்டாள். விரிந்தது விரிந்தபடி இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேஜை மேல் ஏறிவிட்டேன். "பார்த்தீர்களா! பயம் போய்விட்டது! எத்தனை கை தொட்டாலும் இனி இது சுருங்காது! ஒரு செடிக்கு வந்த துணிச்சல் உங்களுக்கு வராதா?" கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். மலை எதிரொலித்தது.

அப்போது மேஜைக்குக் கீழே நின்றுகொண்டு அவள் சொன்னாள், என் மகள். "அப்பா, அதுக்குப் பயம் போகல. அது அசந்துபோச்சு. விட்ருங்கப்பா."

முன் வரிசையில் இருந்தவர்களுக்கு அது கேட்டுவிட்டது. ஒரு தலைவன் அந்த இடத்தில் என்ன செய்வான், சொல்லுங்கள். கூட்டத்தின் சூடு இறங்கவிடலாமா? "எஸ்டேட்டுக்குப் புது டாக்டரம்மா வந்திருக்கிறார்கள் தோழர்களே! செடிக்கு அசதியாம். தைலம் தேய்த்துவிடப் போகிறார்கள்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு என் மேல் எப்போதும் ஒரு காய்ச்சல்.

மகள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்குப் பிறகு அவள் என் முன்னால் அழுததே இல்லை. நான் எவ்வளவு சத்தம் போட்டாலும் சுவரோடு ஒட்டி நிற்பது, தோளைக் குறுக்குவது, எல்லாம் நின்றுவிட்டது. நிமிர்ந்து நின்று முகத்தைப் பார்த்துக் கேட்பாள். "சரிப்பா" என்பாள். சீனியம்மாளிடம் சொன்னேன்: "பார்த்தாயா, என் மகளுக்கு எவ்வளவு துணிச்சல் வந்துவிட்டது!" அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அரசியல் புரியாது.

அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க எஸ்டேட் எஸ்டேட்டாகப் போனேன். "செடிப் பேச்சு, செடிப் பேச்சு" என்று என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல மழை, கையெல்லாம் சேறு. செடி பட்டுப்போய்விட்டது. அதனால் என்ன? மலை முழுக்கக் கிடக்கிறது. வழியிலேயே வேறொன்றைப் பிடுங்கி அதே டப்பாவில் நட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டப்பாவை அவளிடம் கொடுத்தேன். பார்த்தாள். "இது வேறப்பா" என்றாள். "செடி செடிதானே?" என்றேன். "சரிப்பா" என்றாள். வெளியே கொண்டுபோய் அந்தச் செடியை மண்ணில் நட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு லயனில் அவள் செடி வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க வரும்படியும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தத் தவறான கருத்து அவளை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலைநிறுத்தமா? தோற்றது. என்னால் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குப் போனார்கள். முதலில் பின்பக்கப் பாதையில், விடியுமுன்னே. பிறகு என் கண்ணெதிரே. நான் வழியில் நின்று, "தொழிலாளர் ஒற்றுமை" என்பேன். "ஓங்குக" என்று வரவேண்டும். வராது. இன்னும் உரக்கச் சொல்வேன். என்னைத் தாண்டி நடந்து போவார்கள். பயம்கூட இல்லை அம்மா அந்த முகங்களில். பயந்திருந்தால் பேசி மாற்றியிருப்பேன். ஒன்றுமே இல்லை. சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, நான் ஒரு கல் மாதிரி அங்கே நிற்கிறேன் என்று நடந்து போனார்கள். அவர்களுக்காக நான் வேலையை இழந்தேன். சிறைக்குப் போனேன். ஒருவராவது திரும்பிப் பார்க்க வேண்டாமா?

பேச்சியம்மாளிடம் மட்டும் கேட்டேன். "என்ன தோழர், துணிச்சல் எங்கே போயிற்று?" நின்றாள். "தோழர், எங்களத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டீங்க. கொஞ்சம் விடுங்க" என்றாள். போய்விட்டாள். இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மகள் படித்தாள். அவள் மாமன் வீட்டில் தங்கிப் படித்தாள். என்ன படித்தாள்? செடி கொடி. நான் சட்டம் படிக்கச் சொன்னேன். "சரிப்பா" என்றாள், தாவரவியலில் சேர்ந்துவிட்டாள். கல்லூரியில் ஆசிரியை ஆனாள். அருள்தாஸ் என்று உடன் வேலைபார்த்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கோவிலில் கல்யாணம் கூடாது என்றேன், "சரிப்பா" என்றாள், சர்ச்சில் நடந்தது. நான் போகவில்லை. ஆனால் ஒரு சண்டை கிடையாது எங்களுக்குள். ஊரில் அப்பன் மகள் சண்டை எத்தனை பார்க்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வேன். சங்கம் எப்படி உடைந்தது, யார் யார் விலைபோனார்கள், எல்லாம் சொல்வேன். பொறுமையாகக் கேட்பாள். "சரிப்பா, உடம்பப் பாத்துக்குங்க" என்பாள்.

அவள் உடம்பில் புற்றுநோய் இருந்தது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சொல்லவில்லை. எனக்கு இதுதான் புரியவில்லை. நான் என்ன, தாங்கமாட்டாதவனா? அருள்தாஸிடம் கேட்டேன். "சொல்லணும்னுதான் போன எடுப்பா மாமா. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள அசந்துருவா" என்றான். படித்தவன் பேசுகிற பேச்சா இது?

ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கால்மாட்டில் நின்றேன். சின்ன வயதில் அவளுக்குப் பாதத்தில் கூச்சம் அதிகம். விரல் நுனி பட்டால் போதும், சிரித்துக்கொண்டு காலைச் சுருட்டிக்கொள்வாள். இப்போது போர்வையை விலக்கி உள்ளங்காலைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் அழுத்தித் தொட்டேன். இல்லை. மருந்து மயக்கம் என்றார்கள். மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும்.

கண் விழித்தபோது, "மலையில மழையாப்பா?" என்று கேட்டாள். மழைதான் என்றேன். முதலமைச்சருக்கு அனுப்பவிருக்கிற மனுவைப் பற்றிச் சொன்னேன். கேட்டாள். "சரிப்பா" என்றாள். அதுதான் கடைசி.

இன்று படத்திறப்பில் நான் பேசினேன். பின்னே, யார் பேசுவார்கள்? செடிப் பேச்சைத்தான் பேசினேன். அவளுக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி ஏது? பழைய குரல் வந்துவிட்டது. முடித்தபோது யாரும் கைதட்டவில்லை, துக்க வீடு பாருங்கள். அவளிடம் படித்த ஒரு பெண் எழுந்து வந்தாள். "ஐயா, மேடம் இந்தக் கதைய எங்க எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பு வகுப்பாக, வருஷா வருஷம் என் பேச்சைப் பாடமாக நடத்தியிருக்கிறாள்!

"முடிவு மட்டும் வேற மாதிரி சொல்வாங்க ஐயா" என்றாள் அந்தப் பெண். "தொடாம விட்டா அது மறுபடி சுருங்கும்பாங்க. அதுக்கு நாம கொஞ்சம் பொறுத்திருக்கணும்பாங்க."

நான் திருத்தினேன். மேடையில் இருந்தவன் நான் அல்லவா? நடந்தது எனக்குத்தானே தெரியும்?

கிளம்பும்போது அருள்தாஸ் இந்தத் தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். "உங்ககிட்டக் குடுக்கச் சொன்னா மாமா. பெட்டிக்குள்ள வெச்சு, காலையில ஒரே ஒரு தடவ திறந்து பாக்கச் சொன்னா. அவ்வளவுதான் சொன்னா."

எதற்குச் சிரிக்கிறேன் என்று பார்க்கிறீர்களா? விட்டாளா பாருங்கள் அந்த வாதத்தை! இத்தனை வருஷம் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு, உள்ளே அதை அப்படியே வைத்திருந்திருக்கிறாள். என் மகள்.

பாருங்கள், வெளியே பொழுது சாய்கிறது. இவ்வளவு நேரம் விரிந்திருந்த இலை மூடுகிறது. யாரும் தொடவில்லை, நீங்களும் தொடவில்லை, நானும் தொடவில்லை. தூங்கப் போகிறது. மெதுவாகப் பேசுகிறேன்.

அந்த டிரங்குப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. அவள் ஒட்டிய காகிதம்கூட அப்படியே இருக்கிறது. உள்ளே கையை விட்டுத் தடவினால் தெரியும். நல்ல பசை. இன்று போனதும் வைத்துவிடுவேன். விடிந்ததும் திறப்பேன். ஆட்கள் யாரும் வாசலில் காத்திருக்கப் போவதில்லை.

மூடியிருந்தால் நான் சொன்னதுதான் சரி. பிரசுரத்தில் அப்படித்தான் இருக்கிறது. மூடித்தான் இருக்கும்.

அந்தத் துண்டை எடுத்துக் கொடுங்கள் அம்மா, தொட்டி மேல் போட்டுக்கொள்கிறேன். பனி இறங்குகிறது. அடுத்த வளைவு தாண்டினால் என் நிறுத்தம். நான் கை தூக்கினால் இப்போது நிற்காது. விசில் கொடுக்கும்படி அந்தப் பையனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால், அம்மா, ஒருவேளை விரிந்திருந்தால்? வெளிச்சமே இல்லாமல், அவள் சொன்னபடியே விரிந்திருந்தால்? "வந்து பார்" என்று நான் யாரைக் கூப்பிடுவது?